சோம்பேறிக்குக் கொஞ்சம் வக்காலத்து

கடையைத் திறந்து ரொம்ப நாளாச்சு. மார்ச் முடிவு, ஆடிட், மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று வரிசையாக வந்ததில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு நாக்பூர் வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாத ஞாயிற்றுக்கிழமை. மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். தங்கமணி சமையலறையில். எழுத இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

முன்னாடியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். விருதுநகரில் படித்தது. கம்ப்யூட்டர் என்றால் எனக்கு டேலியும் எக்செல்லும்தான். ஆனால் இன்றைய பதிவு ஜாவாஸ்கிரிப்ட் பற்றி. பொட்டி தட்டுகிற மக்கள் சிரிக்காமல் படிக்கவும். தப்பு இருந்தால் திட்டலாம், தமிழில் திட்டினால் சந்தோஷம். :-)

மண்டல அலுவலகத்தில் ஏ.டி.எம். ரீகன்சிலியேஷன் பார்க்கிற பிரிவில் குப்பை கொட்டுகிறேன். கணக்கில் பணம் கழிந்துவிட்டது, மெஷினிலிருந்து நோட்டு வரவில்லை என்று புகார் வந்தால் மூன்று இடத்தை ஒப்பிட வேண்டும். சுவிட்சிலிருந்து வரும் ஃபைல், நம் கோர் பேங்கிங் பதிவு, மெஷின் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் இ.ஜே. லாக். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கைப்படி, இப்படித் தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு ஐந்து நாளுக்குள் பணத்தைத் திருப்பி வரவு வைத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு. அவர் கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். (ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லி வையுங்கள். நிறையப் பேருக்குத் தெரியாது.)

போன வருஷம் ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வந்தார். ஒடிசாக்காரர். நம்மை மாதிரியே ஊர் விட்டு ஊர் வந்தவர், சம்பளம்தான் நம்மில் பாதிகூட இல்லை. 9,500 ரூபாய் எடுக்கப் போய், மெஷின் கடகடவென்று எண்ணிவிட்டு ஒன்றும் தராமல் அட்டையை மட்டும் துப்பிவிட்டது. மெசேஜ் மட்டும் வந்துவிட்டது, கழிந்தது என்று. கிளையில் புகார் கொடுத்துவிட்டு, நாலாவது நாள் நேரே எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். "சாப், பைசா கப் ஆயேகா?" அவ்வளவுதான் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

எங்களிடம் ஒரு வெப் பக்கம் இருக்கிறது. வெளி கம்பெனி ஒன்று எழுதிக் கொடுத்தது. சுவிட்ச் ஃபைலை அதில் ஏற்றினால், கழிந்தும் பணம் வராத வரிகளை மட்டும் பொறுக்கி, முதல் 20-ஐத் திரையில் காட்ட வேண்டும். மண்டலம் முழுக்க ஒரு மாத ஃபைல் என்றால் சுமார் 12 லட்சம் வரி. ஏற்றினேன். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் 'பக்கம் பதிலளிக்கவில்லை, காத்திருக்கவா, மூடவா' என்று பிரவுசர் கேட்டது. காத்திருந்தேன். மறுபடி கேட்டது. மூன்று முறை இதே கூத்து. கடைசியில் இ.ஜே. லாக்கை வரவழைத்து, கண்ணாலேயே தேடிக் கண்டுபிடித்து, வரவு வைத்தபோது ஏழாவது நாள். 9,500-ம், தாமதத்துக்கு 200-ம் அவர் கணக்கில் ஏறியது. நடுவில் அவர் யாரிடமோ கைமாற்று வாங்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கைமாற்றுக்கு என்ன வட்டி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெம்பு இல்லை.

கம்பெனியிடம் புகார் சொன்னோம். பதில் ஒரே வரி: மெமரி போதாது, 11 மெஷினுக்கும் 16 ஜிபி போடுங்கள். எங்கள் ஆபீசிலும் உடனே கொட்டேஷன் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். பொருள் வாங்குவது என்றால் எல்லோருக்கும் ஒரு உற்சாகம் வந்துவிடுகிறது.

இதை வீட்டில் புலம்பியபோது மகள், இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங், சிரித்தாள். "எதுக்குப்பா எல்லா வரியையும் இப்பவே பண்றீங்க? 20 தானே கேக்குறீங்க, 20 கெடச்சதும் நிறுத்த வேண்டியதுதானே?"

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு இந்த ஜாவாஸ்கிரிப்ட் கிறுக்கு. வங்கி ஃபைலை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது, கொண்டு வரவும் இல்லை. 12 லட்சம் போலி வரியை ஒரு சின்ன நிரல் வைத்து வீட்டிலேயே உண்டாக்கிக்கொண்டேன்.

மகள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இட்லிக்கும் தோசைக்கும் உள்ள வித்தியாசம்தான். இட்லி வேக வைத்தால் தட்டு முழுக்க ஒரே ஈடு. சாப்பிட வந்தவர் இரண்டு பேரானாலும் பதினாறு வெந்துதான் தீரும். தோசை அப்படி இல்லை. மாவு தயார், கல் தயார், ஆள் உட்கார்ந்து 'இன்னொன்று' என்றால்தான் அடுத்த கரண்டி விழும். போதும் என்றால் அடுப்பை அணைத்துவிடலாம். மீதி மாவு மாவாகவே ஃபிரிட்ஜில் இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் எல்லோரும் பழகியிருக்கிற முறை இட்லி முறை. வரிகளை ஒரு அர்ரேயில் போடு, மேப் போட்டு ஒவ்வொரு வரியையும் பிரித்து ஒழுங்குபடுத்து, ஃபில்டர் போட்டுச் சலி, ஸ்லைஸ் போட்டு முதல் 20-ஐ வெட்டி எடு. படிக்க அழகாக இருக்கும். ஆனால் மேப் முழுசாக முடிந்து, 12 லட்சம் புதுப் பொருள் மெமரியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஃபில்டர் ஆரம்பிக்கும். நூற்றுக்கு ஒரு வரி தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப் 12 லட்சம் தடவை, ஃபில்டர் 12 லட்சம் தடவை, ஆக 24 லட்சம் வேலை. கையில் தேறியது 12,000. அதில் காட்டப்போவது 20.

தோசை முறையில் வரிசையே தலைகீழ். கடைசியில் நிற்பவர்தான் முதலாளி. "எனக்கு ஒன்று கொடு" என்று அவர் சலிப்பவரைக் கேட்பார். சலிப்பவர் பிரிப்பவரைக் கேட்பார், அவர் ஃபைலிடம் ஒரே ஒரு வரி கேட்பார். தேறினால் மேலே போகும், தேறாவிட்டால் அடுத்த வரி. 20 சேர்ந்ததும் கடை மூடல். அதே நூற்றுக்கு ஒன்று கணக்கில் சுமார் 2,000 வரி பார்த்தால் போதும். பிரிக்க 2,000, சலிக்க 2,000, ஆக 4,000 வேலை. 24 லட்சம் எங்கே, 4,000 எங்கே. எந்த நேரத்திலும் மெமரியில் நிற்பது கையிலிருக்கும் ஒரு வரியும், சேர்ந்துகொண்டிருக்கும் அந்த இருபதும்தான்.

இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரே 'லேசி எவால்யுவேஷன்', சோம்பேறிக் கணக்கு. சின்ன வயதில் அப்பா என்னைத் திட்டிய அதே வார்த்தை, இங்கே பாராட்டு!

இது புதுசு ஒன்றும் இல்லை. 1976-லேயே இரண்டு ஜோடி ஆராய்ச்சியாளர்கள், ஹெண்டர்சன் - மாரிஸ் ஒரு பக்கம், ஃபிரீட்மன் - வைஸ் இன்னொரு பக்கம், தனித்தனியாக இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். 1990-ல் வந்த ஹாஸ்கெல் என்ற மொழியில் எல்லாமே இயல்பாகச் சோம்பேறி. நம் ஜாவாஸ்கிரிப்டோ 1995-ல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி. அர்ரேக்கு மேப், ஃபில்டர் எல்லாம் தரத்தில் வந்தது 2009. 2015-ல்தான் ஜெனரேட்டர் வந்தது. பங்ஷன் என்ற சொல்லை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி, உள்ளே யீல்டு என்று ஒரு வார்த்தை. யீல்டு வந்த இடத்தில் அந்தப் பங்ஷன் அப்படியே உறைந்து நிற்கும். நீங்கள் நெக்ஸ்ட் என்று கூப்பிட்டால்தான் விட்ட இடத்திலிருந்து நகரும். எங்கள் கவுன்டர் டோக்கன் மாதிரி. நெக்ஸ்ட் சொல்லாதவரை யாரும் எழுந்து வரமாட்டார்கள்.

ஆனால் 2015-லிருந்து பத்து வருஷம், இந்த இட்டரேட்டர்களுக்கு நேரடியாக மேப், ஃபில்டர் போட வழி இல்லை. நாமே கையால் எழுத வேண்டும், அல்லது வெளி நூலகம் சேர்க்க வேண்டும். 2025 தரத்தில்தான் மேப், ஃபில்டர், டேக், டிராப் எல்லாம் இட்டரேட்டருக்கே சேர்ந்தன. டேக் 20 என்று சொன்னால் இருபதோடு நிற்கும். என்னைப் போன்ற பி.காம். ஆசாமியே எழுத முடிகிற அளவுக்கு எளிதாகிவிட்டது.

இப்போது மெமரி விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் என் வயிற்றெரிச்சல். பக்கம் உறைந்ததற்கு மெமரி மட்டும் காரணம் இல்லை. பிரவுசரில் திரையைப் பார்த்துக்கொள்வதும் நம் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதும் ஒரே இழைதான். அது 24 லட்சம் வேலையில் மூழ்கியிருந்தால், நீங்கள் எங்கே கிளிக் செய்தாலும் கவனிக்க ஆள் கிடையாது. ஒரே கிளார்க் இருக்கிற கிளையில் கவுன்டரை அகலப்படுத்தின கதைதான் 16 ஜிபி. இன்னொன்றும் உண்டு. ஃபைல் முழுவதையும் ஒரே சரமாகப் படிக்கிறார்கள். க்ரோமும் நோடும் பயன்படுத்தும் வி8 இன்ஜினில் ஒரு சரத்தின் உச்ச நீளம் சுமார் 53.6 கோடி எழுத்து. அதைத் தாண்டிய ஃபைலை 16 இல்லை, 64 ஜிபி போட்டாலும் ஒரே சரமாகப் படிக்க முடியாது. ஸ்ட்ரீமாகத் துண்டு துண்டாக வாங்கத்தான் வேண்டும்.

துண்டாக வாங்குவதில் ஒரு வேடிக்கை. துண்டு எங்கே வெட்டப்படும் என்பது நம் கையில் இல்லை. ஒரு வரியின் நடுவில் வெட்டலாம், அரை வரியை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த துண்டோடு ஒட்ட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. யு.டி.எஃப்-8 முறையில் நம் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். இங்கத்திய தேவநாகரியும் அப்படித்தான். வெட்டு அந்த மூன்றுக்கு நடுவில் விழுந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி டைமண்ட். நான் சோதனைக்காக என் பாட்டியின் பெயரைத் தமிழில் போட்டிருந்தேன், பாவம், பாதியாகிவிட்டார். டெக்ஸ்ட் டிகோடரை ஸ்ட்ரீம் முறையில் வைத்தால் அது மீதி பைட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இங்கிலீஷ் மட்டுமே வைத்துச் சோதிப்பவர்களுக்கு இது என்றைக்குமே தெரிய வராது.

இப்படித் துண்டுக்குக் காத்திருந்து வாங்கும் வகைக்கு 2018-ல் வந்த ஃபார் அவெய்ட் சுற்றைப் பயன்படுத்த வேண்டும். 2025-ல் வந்த மேப், ஃபில்டர் வசதி சாதாரண இட்டரேட்டருக்கு மட்டும்தான். இந்த வித்தியாசம் புரியாமல் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

சோம்பேறியைப் புகழ்ந்துவிட்டு அவன் குணத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. எனக்கு அவன் செய்த துரோகங்கள்:

மேப்புக்குள்ளேயே ஒவ்வொரு சந்தேக வரியையும் ஒரு பட்டியலில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். ஓட்டினேன். பட்டியல் காலி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன், தப்பே இல்லை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் கேக்கலைப்பா, அதான் அது செய்யல" என்றாள். சங்கிலியை மாட்டி வைத்தேனே ஒழிய கடைசியில் நின்று இழுக்க ஆளை வைக்கவில்லை.

இன்னொரு தடவை, வரிகளைத் திரையில் காட்டிவிட்டு அதே இட்டரேட்டரிடம் தொகையைக் கூட்டச் சொன்னேன். பூஜ்யம் வந்தது. வங்கிக்காரனுக்குப் பூஜ்யம் வந்தால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் தெரியுமா? ஒன்றும் இல்லை, ஜெனரேட்டர் ஒரு தடவைதான் ஓடும். தீர்ந்தது தீர்ந்ததுதான். மறுபடி வேண்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து உண்டாக்க வேண்டும்.

அப்புறம், தேடும் வரி ஃபைலிலேயே இல்லை என்றால் சோம்பேறியும் 12 லட்சத்தையும் நடந்துதான் தீர வேண்டும். மெமரி மிச்சமாகும், நேரம் மிச்சமாகாது. தொகைவாரியாக வரிசைப்படுத்து என்றால் எல்லா வரியையும் பார்க்காமல் எப்படி முடியும்? ஐந்நூறு ஆயிரம் வரிக்குப் பழைய அர்ரே முறையே போதும். ஒவ்வொரு வரிக்கும் நெக்ஸ்ட் சொல்வதற்கே ஒரு செலவு உண்டு.

வங்கிக்காரனாக எனக்குப் பெரிய பயம் வேறு. 7 லட்சத்தாவது வரியில் ஒரு கோளாறு, தேதி இருக்க வேண்டிய இடத்தில் கண்டதும் இருக்கிறது என்று வையுங்கள். இட்லி முறை முதலிலேயே அலறி நின்றுவிடும். தோசை முறை அந்த வரியைத் தொடவே இல்லை என்பதால் முதல் 20-ஐ ஜோராகக் காட்டிவிட்டு, ஃபைல் நன்றாக இருக்கிறது என்ற நினைப்பையும் கொடுத்துவிடும். ஆகையால் என் கட்சி இது: புகார் வந்த ஆளுக்குப் பதில் தேடும் இடத்தில் சோம்பேறியை வையுங்கள். நாள் முடிவுக் கணக்கில், டெபிட்டும் கிரெடிட்டும் பொருந்த வேண்டிய இடத்தில், அவனை வாசலிலேயே நிறுத்துங்கள். அங்கே எல்லா வரியும் இன்றே, இப்போதே பார்க்கப்பட்டாக வேண்டும்.

சில பேர் கேட்பீர்கள், இதையெல்லாம் பிரவுசரில் ஏன் செய்ய வேண்டும், டேட்டாபேசில் ஏற்றி முதல் 20-ஐ மட்டும் கேட்கலாமே என்று. கேட்கலாம், அதுவும் இதே சோம்பல்தான். ஆனால் எங்களுக்கு வருவது ஃபைல். அதை ஏற்ற டேட்டாபேஸ் கேட்டு நோட் போட்டால், அந்த நோட் திரும்பி வருவதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன்.

என் வீட்டு நிரலின் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கம்பெனி ஆளைச் சந்தித்தேன். இருபத்தைந்து வயதுப் பையன், அமராவதிக்காரன். பாதி படிக்கும்போதே தலையாட்டினான். "தெரியும் சார். ஆனா ஸ்பெக்ல யாரும் இதைக் கேக்கலை. நீங்க கொடுத்த டெஸ்ட் ஃபைல் 500 வரி. அதுல எல்லாம் சரியா ஓடிச்சு, உங்க ஆபீஸ்ல கையெழுத்தும் போட்டாங்க" என்றான், அரை இந்தி, அரை இங்கிலீஷில்.

கையெழுத்து என்னுடையதுதான் மக்களே. யூ.ஏ.டி. படிவத்தில் 'திருப்திகரம்' என்று டிக் போட்டு, அடியில் நீல மையில். 500 வரி வைத்துப் பார்த்துவிட்டு 12 லட்சத்துக்கு உத்தரவாதம் கொடுத்தவன் நான். இத்தனை நாள் கம்பெனியைத் திட்டிய வாய்க்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

பையன் மூன்று வாரத்தில் மாற்றிக் கொடுத்தான். இப்போது ஃபைலை ஏற்றினால் முதல் 20 வரி உடனே வந்துவிடுகிறது. 16 ஜிபி கொட்டேஷன் ஃபைல் அலமாரிக்குப் போய்விட்டது. ஆனால் உடனே ஆடிட்டர் பிடித்துக்கொண்டார்: பழைய பக்கத்தில் அடியில் மொத்த எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இருந்ததே, எங்கே? நியாயமான கேள்வி. மொத்தம் வேண்டும் என்றால் முழுக்க நடந்தாக வேண்டும். அதைப் பின்னணியில் ஒர்க்கர் என்ற தனி இழைக்குக் கொடுத்து, முடியும்வரை 'கூட்டல் நடக்கிறது' என்று காட்டச் சொல்லி ஒப்பேற்றினோம். 'மொத்தம் இன்னும் தெரியாது' என்று ஒரு திரை நேர்மையாகச் சொல்வதைப் பார்த்து ஆடிட்டருக்கு ஒப்பவே இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தத் தடவை சோதனைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் 12 லட்சம் வரியும், நடுவில் வேண்டுமென்றே கெடுத்த ஒரு தேதியும், தமிழில் பாட்டியின் பெயரும் வைத்த ஃபைலைக் கொடுத்தேன். பாட்டி முழுசாக வந்தார். கெட்ட தேதியை முதல் ஓட்டத்தில் கோட்டைவிட்டது. திருப்பி அனுப்பி, சரிசெய்து வந்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.

அந்த வாட்ச்மேனைப் போன மாதம் சீதாபுல்டி பக்கம் பார்த்தேன். அடையாளம் கண்டு சலாம் வைத்தார். ஏ.டி.எம்.மில் இப்போதெல்லாம் எடுப்பதில்லையாம், கிளைக்கு நேரே வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறாராம்.

சரி, தங்கமணி கல்லைப் போட்டாச்சு. முதல் தோசை எப்போதும் கல்லில் ஒட்டிக்கொள்ளும், அது எனக்குத்தான் வரும். இரண்டாவது வருவதற்குள் போய் உட்கார வேண்டும். அப்புறம் பார்ப்போம்.